கைரேகை கொடுத்தால்தான் உதவி: மனிதாபிமானப் பணியில் டிஜிட்டல் உரிமைகளை எங்கிருந்து ஆராய்வது?

வெண்மேகம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். போர், பஞ்சம், வெள்ளம் என்று ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்கு உதவும் அமைப்புகள் இன்று எதைச் செய்தாலும் ஒரு மென்பொருளோடுதான் செய்கின்றன. முகாமில் சேரக் கைரேகை, ரேஷன் வாங்கக் கருவிழி, பணம் பெற மொபைல் வாலட், புகார் சொல்ல சாட்பாட். இதெல்லாம் வந்த பிறகு உதவி வாங்குகிறவரின் உரிமைகள் என்ன ஆயின என்று ஆராய ஆசை.

கைடு ஒரே வரியில் மடக்கிவிட்டார்: "இது துறை, கேள்வி இல்லை. கேள்வியோடு வா." படிக்கப் போனால் தனியுரிமை என்ற தலைப்பில் ஏற்கெனவே குவித்து வைத்திருக்கிறார்கள். 'கண்காணிப்பு மனிதாபிமானம்', 'தொழில்நுட்பக் காலனியம்' என்று கோட்பாட்டுப் பெயர்களுக்கும் குறைவில்லை. அவற்றை வைத்துக்கொண்டு களத்தில் எதைத் தேடுவது என்பதுதான் பிடிபடவில்லை.

இன்னும் சரியாக ஆராயப்படாத பகுதி எது? வெளியாளான நான் இந்தத் தகவல்களை எப்படிப் பெறுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நேர்வழி

கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்லப் போகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிவாரணப் பொருள் விநியோகத்தில் பல வருடம் இருந்தவன் நான். பசியோடு வரிசையில் நிற்பவர் தனியுரிமையைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை. களத்தில் பெரிய பிரச்சினை திருட்டு.

ஏமனைப் பாருங்கள். 2019 ஜூனில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் சனா நகரில் சுமார் 8.5 லட்சம் பேருக்கான உணவு உதவியை நிறுத்தியது. உணவு போகவேண்டியவர்களுக்குப் போகாமல் வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கைரேகை, கருவிழி போன்ற உடல் அடையாளங்களை வைத்துச் செய்யும் பயோமெட்ரிக் பதிவு வேண்டும் என்றார்கள், சனாவைக் கையில் வைத்திருந்த ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் ஒரு உடன்பாடு வந்த பிறகுதான் உதவி திரும்பவும் போனது. கைரேகை வேண்டாம் என்று சொன்னதால் அங்கே பட்டினி கிடந்தது யார்? உங்கள் ஆய்வில் இந்தக் கணக்கும் வரவேண்டும்.

தூரத்து இடி

நேர்வழி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே ஏமன் கதையை இன்னொரு பக்கமாகவும் படிக்கலாம். அங்கே சண்டை கைரேகை எடுப்பதா வேண்டாமா என்பதோடு நிற்கவில்லை. எடுத்த தரவு யார் கையில் இருக்கும் என்பதில்தான் இழுபறி. தரவு வெளியாள் கையில் இருப்பது ஏமன் சட்டத்துக்கு விரோதம் என்றது ஹூதி தரப்பு. அதை அவர்களிடம் விட்டுவிட முடியாது என்றது உலக உணவுத் திட்டம். அந்த மறுப்பு நியாயமானதும்கூட. சண்டை நடக்கும் ஊரில் எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை வாலிபர்கள் என்ற பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அதிகாரம் இருக்கிறது. கடைசியில் இருதரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். பட்டியலில் இருந்த மக்கள் அந்தப் பேச்சில் ஒரு தரப்பாகவே இல்லை.

திருட்டு விஷயத்தில் ஒரு கேள்வி, நேர்வழியிடமே கேட்கிறேன். மூட்டைகள் பெரும்பாலும் எங்கே காணாமல் போகும்? லாரியில், கிடங்கில், உள்ளூர் கூட்டாளியின் கணக்குப் புத்தகத்தில். கைரேகை வைப்பதோ வரிசையின் கடைசியில் நிற்கும் அம்மாள். கட்டுப்பாடு முழுவதையும் அதிகாரம் மிகக் குறைந்தவர் தலையில் கட்டுகிறோம்.

நேர்வழி

லாரியும் கிடங்கும் உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கடைசிக் கண்ணியில் கையெழுத்து இல்லை என்றால் மேலே நடந்த திருட்டையும் நிரூபிக்க முடியாது. "10,000 பேருக்குக் கொடுத்தோம்" என்று பேப்பரில் எழுதிவிட்டால் முடிந்தது கதை. பயோமெட்ரிக் வந்த பிறகு அப்படி எழுதுவது கஷ்டம். இது சின்ன விஷயம் இல்லை.

பழைய கணக்கு

பதிவு மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். எந்த அமைப்பு, எந்த முகாம் என்று கேட்காதீர்கள்.

வெளியில் பேசுகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்த சிக்கல் பாதி படிவத்தில்தான் இருந்தது. குடும்பத் தலைவர் யார்? இந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. கணவரை விட்டுப் பிரிந்து வந்த பெண் அவர் பெயரைச் சொல்ல மாட்டார். சொல்லாவிட்டால் அவர் பழைய அட்டையிலேயே தொங்கிக்கொண்டிருப்பார், ரேஷன் கணவர் பெயரில் போகும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1. வருடக்கணக்காக இப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது. பிற்பாடு அந்தப் பையனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா இல்லையா என்று ஒரு அதிகாரி முடிவு செய்யும்போது எங்கள் ஜனவரி 1தான் சாட்சி.

கைரேகைக்கு வருகிறேன். கல் உடைத்தவர், வயல் வேலை செய்தவர், வயதானவர், இவர்கள் விரல் எளிதில் பதியாது. துடைத்து, ஈரப்படுத்தி, திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வோம். பின்னால் நீண்ட வரிசை. ஒரு கட்டத்தில் 'விதிவிலக்கு' என்று போட்டு அனுப்புவோம். விதிவிலக்கு அதிகமானால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், அதனால் அதையும் ஓரளவுக்கு மேல் போட முடியாது.

ஒப்புதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. படித்துக் காட்டச் சொல்லிக் கொடுப்பார்கள். காலையில் முதல் சில பேருக்கு முழுசாகப் படிப்போம். மதியத்துக்கு மேல் "சம்மதம்தானே?" என்பதோடு சரி. இதில் யாரையும் குறை சொல்லவில்லை. அத்தனை பேரை அத்தனை மேசைகளில் பதிந்தால் அப்படித்தான் ஆகும்.

இங்கே உங்களுக்கு ஒரு ஆய்வுக் கேள்வி இருக்கிறது, வெண்மேகம். அந்த மென்பொருளில் ஒருவரைச் சேர்க்கும் வேலையை மேசையில் இருக்கும் எவரும் செய்யலாம். தப்பாகப் பதிந்ததைத் திருத்தவோ நீக்கவோ மேலே எழுதிப் போட வேண்டும். போட்ட மனு எங்கே போகிறது, எத்தனை நாளில் பதில் வருகிறது என்று எங்களுக்கே தெரியாது.

கடைசி பெஞ்சு

ஆப்கானிஸ்தானில் 2021இல் ஐ.நா. சேர்த்து வைத்த கைரேகையெல்லாம் தாலிபான் கையில் சிக்கியதே, அதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா? அதை வைத்தே ஆய்வை முடித்துவிடலாம்.

தூரத்து இடி

கடைசி பெஞ்சு, அது ஐ.நா.வின் தரவு இல்லை. 2021 ஆகஸ்டில் செய்தியானது அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய ஹைடி என்ற கையடக்கப் பயோமெட்ரிக் கருவிகள். அதோடு ஆப்கன் அரசின் ராணுவ, காவல் ஊழியர்களுக்கான சம்பளத் தரவுத்தளமும் பேச்சில் அடிபட்டது. இரண்டுமே நிவாரணத்துக்காகச் சேர்த்தவை அல்ல. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதினால் முதல் தேர்வாளரே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் உங்கள் பயம் பொய்யில்லை. ஆட்சி மாறினால் பட்டியல் கைமாறும் என்பதற்கு அது சாட்சி. மனிதாபிமானத் துறைக்குள்ளேயே நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் மியான்மாரிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியாக்கள் இருக்கும் வங்கதேச முகாம்களுக்குப் போக வேண்டும். ஐ.நா. அகதிகள் ஆணையமும் வங்கதேச அரசும் சேர்ந்து பதிவு நடத்தி ஸ்மார்ட் கார்டு கொடுத்தன. 2018 நவம்பரிலேயே அதை எதிர்த்து முகாம்களில் போராட்டம் நடந்தது. 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. குறைந்தது 8.3 லட்சம் அகதிகளின் விவரங்களை வங்கதேசம் மியான்மாருக்கு அனுப்பியிருக்கிறது, திருப்பி அழைப்பது பற்றிப் பரிசீலிக்க. யார் துரத்தினார்களோ அவர்களிடமே பெயர்ப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. அதில் சுமார் 42,000 பேரைத் திரும்ப வரலாம் என்று மியான்மார் அடையாளம் கண்டதாம்.

பழைய கணக்கு சொன்ன ஒப்புதல் அங்கே எப்படி இருந்தது தெரியுமா? பதிவு முடிந்ததும் ஒரு ரசீது. அதில் மியான்மாரோடு தகவலைப் பகிரலாமா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறி. ரசீது ஆங்கிலத்தில் மட்டும். அந்த அறிக்கைக்குப் பேட்டி கொடுத்த 24 பேரில் 3 பேருக்குத்தான் ஆங்கிலம் படிக்கத் தெரியும். விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினோம் என்று ஆணையம் மறுத்தது. இரண்டையும் எழுதுங்கள். ஆனால் அந்த ரசீதை ஒரு ஆவணமாக வைத்துப் படிப்பதே ஒரு அத்தியாயத்துக்குக் காணும்.

பிட்டும் பைட்டும்

மென்பொருள் பக்கத்திலிருந்து ஒன்று. 'பயோமெட்ரிக்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். இரண்டு வேலைகள் இருக்கின்றன. "நீங்கள் இந்த அட்டைக்கு உரியவர்தானா?" என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது ஒன்று. "இவரை இதற்கு முன் எங்காவது பதிந்திருக்கிறோமா?" என்று ஒருவரை மொத்தக் கூட்டத்தோடும் ஒப்பிடுவது இன்னொன்று. கணக்கு முழுக்க வேறு.

கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு ஒப்பீட்டில் தவறாகப் பொருந்திப் போக வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்று வையுங்கள். கேட்க அருமையாக இருக்கிறது. தரவுத்தளத்தில் 10 லட்சம் பேர் இருந்தால், புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சராசரியாக ஒரு தவறான பொருத்தம் கிடைக்கும். விற்பனைப் பிரசுரத்தில் முதல் எண்தான் இருக்கும், இரண்டாவது இருக்காது. நிஜக் கருவிகள் இதைவிட நன்றாக வேலை செய்யலாம், பல விரல்களை, இரு கண்களைச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் கூட்டம் பெருகப் பெருக பிழையும் பெருகும் என்பது மாறாது.

2002இலேயே இது வந்துவிட்டது. பாகிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். ஒருவரே இரண்டு முறை வாங்காமல் இருக்க பெஷாவர் பக்கத்தில் கருவிழிப் பரிசோதனை. பெயரை வைத்துக்கொள்ளாமல் விழியின் குறியீட்டை மட்டும் சேமித்தார்கள். தனியுரிமைக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் இயந்திரம் "இவர் ஏற்கெனவே வந்தவர்" என்று தவறாகச் சொன்னால், இல்லை என்று நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது? பெயரே இல்லாத பதிவை எதை வைத்து மறுப்பது?

பிளாக்செயின் (ஒரே கணக்கேட்டைப் பலர் தனித்தனியே நகல் வைத்துச் சேர்ந்து நடத்தும் முறை) பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: 2017இல் ஜோர்டானின் அஸ்ராக் முகாமில் 10,000 பேரோடு உலக உணவுத் திட்டம் தொடங்கிய பில்டிங் பிளாக்ஸ் திட்டத்தில் அகதி கடையில் கருவிழியைக் காட்டுவார், கணக்கு பிளாக்செயினில் ஏறும். வங்கிக் கட்டணம் மிச்சமானது என்பது உண்மை. ஆனால் தொடக்கத்தில் சங்கிலியை நடத்தியது அந்த ஒரே அமைப்புதான். ஒரே ஆள் நடத்தும் பிளாக்செயினுக்குச் சாதாரண டேட்டாபேஸ் போதுமே என்று நான் கேட்டால் என்னைப் பழமைவாதி என்பார்கள்.

சட்டாம்பிள்ளை

சட்டம் தெரியாமல் இந்தத் துறையில் கால் வைத்தால் தடுமாறுவீர்கள், வெண்மேகம். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் பதிவான ஒரு தொண்டு நிறுவனம் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். என் தரவைக் காட்டு, திருத்து என்று அதனிடம் கேட்கலாம், மறுத்தால் கண்காணிப்பு ஆணையத்துக்குப் போகலாம். அதே முகாமில் பக்கத்து மேசையில் ஐ.நா. அமைப்பு இருந்தால் கதை வேறு. 1946ஆம் ஆண்டின் சிறப்புரிமைகள் உடன்படிக்கைப்படி அதை எந்த நாட்டு நீதிமன்றத்திலும் சாதாரணமாக இழுக்க முடியாது. அது தன் சொந்தக் கொள்கைக்கு மட்டுமே பதில் சொல்லும்.

கொள்கைகளே இல்லை என்று சொல்லக் கூடாது. அகதிகள் ஆணையம் 2015இல் ஒன்று கொண்டுவந்தது. ஐ.நா. முழுமைக்கும் 2018இல் தனிநபர் தரவுக் கோட்பாடுகள் வந்தன. செஞ்சிலுவையின் பன்னாட்டுக் குழு 2019இல் பயோமெட்ரிக் கொள்கை வகுத்தது. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 2015லிருந்து பயோமெட்ரிக்கையே நிறுத்தி வைத்துவிட்டு, 2021இல்தான் விதிகளோடு திறந்தது. நிறுத்தி வைக்கவும் முடியும் என்பதற்கு அது நல்ல சான்று.

இந்த விலக்குரிமைக்கு நியாயமும் உண்டு, அதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் எந்த அரசும் உள்ளூர்ச் சட்டத்தைக் காட்டி அகதிப் பட்டியலைக் கேட்கும். ஏமனில் நடந்ததே அதுதான். அரசிடமிருந்து காக்கும் அதே கவசம், அமைப்பையும் கேள்வியிலிருந்து காக்கிறது.

இன்னொன்று: ஒரு வேலைக்குச் சேர்த்த தரவு இன்னொரு வேலைக்குப் போவது. ஐரோப்பாவின் யூரோடாக் கைரேகைத் தளம் 2003இல் வந்தபோது நோக்கம் ஒன்றுதான்: இந்தப் புகலிட மனுவை எந்த நாடு விசாரிக்க வேண்டும்? 2013இல் விதியை மாற்றி, 2015லிருந்து காவல்துறையும் தேட வழி செய்தார்கள். 2024 திருத்தத்தில் கைரேகை எடுக்கும் வயதை 14லிருந்து 6க்கு இறக்கினார்கள். இது உதவி அமைப்பு இல்லை, அரசமைப்பு என்பது தெரியும். ஆனாலும் ஒரு தரவுத்தளம் எப்படி வளர்கிறது என்பதைத் தேதி வாரியாகப் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வெண்மேகம்

எல்லோருக்கும் நன்றி. பழைய கணக்கு சொன்ன 'சேர்க்கலாம், நீக்க முடியாது' என்பதும் பிட்டும் பைட்டும் சொன்ன 'எதை வைத்து மறுப்பது' என்பதும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன என்று தோன்றுகிறது. தவறாகப் பதியப்பட்டவர் அதைத் திருத்த முயலும்போது என்ன நடக்கிறது? இதுவரை நான் வாசித்தவற்றில் தரவு சேர்ப்பதைப் பற்றியும் கசிவதைப் பற்றியும்தான் அதிகம் இருந்தது. திருத்தம் ஓரிரு பத்தியோடு போய்விடுகிறது. இதை வைத்து ஒரு ஆய்வு நிற்குமா?

தூரத்து இடி

நிற்கும். அதற்கு ஒரு களமே இருக்கிறது: கென்யா.

தாதாப் அகதி முகாமைச் சுற்றி, கரிஸ்ஸா பகுதிகளில் சோமாலி இனக் கென்யக் குடிமக்கள் வாழ்கிறார்கள். வறட்சி வந்தபோது முகாமில் உணவு கிடைத்தது, வெளியே கிடைக்கவில்லை. பல குடும்பங்கள் முகாமுக்குப் போய் அகதிகளாகப் பதிந்துகொண்டன. பெற்றோர் கூட்டிப்போன குழந்தைகளின் கைரேகையும் ஏறியது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து தேசிய அடையாள அட்டைக்குப் போனால், கணினி "நீ அகதி" என்கிறது. அட்டை இல்லாமல் அங்கே சிம் வாங்க முடியாது, வங்கிக் கணக்கு திறக்க முடியாது, போலீஸ் சோதனைச் சாவடி தாண்டுவதே பாடு. இப்படி மாட்டியவர்கள் சுமார் 40,000 பேர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இதைக் கவனியுங்கள்: யாரும் ஹேக் செய்யவில்லை. கசிவு இல்லை. கைரேகைப் பொருத்தமும் பிழையில்லை, அந்த விரல் அவருடையதுதான். கருவி சொன்னபடி வேலை செய்ததால் வந்த கேடு இது. தனியுரிமைச் சட்டகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. ஹார்வர்டில் 2017இல் வெளிவந்த சிக்னல் கோட் என்ற ஆவணம் நெருக்கடியில் இருப்பவர்களுக்கான ஐந்து தகவல் உரிமைகளைப் பட்டியலிட்டது. அதில் ஐந்தாவது, திருத்தவும் பரிகாரம் பெறவும் உள்ள உரிமை. ஐந்திலும் நடைமுறையில் மிகவும் இளைத்துப்போனது அதுதான் என்பது என் எண்ணம்.

நேர்வழி

இந்தக் கென்யக் கதையில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் முழுசாக மூடவில்லை.

குடிமக்கள் அகதியாகப் பதிந்ததற்குக் காரணம் கைரேகையா? முகாமுக்கு வெளியே சோறு இல்லை. டிஜிட்டல் உரிமை ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் கணினிக்குள் தேடுகிறார்கள், வறட்சியில் அந்த மாவட்டத்துக்கு ஏன் உதவி வரவில்லை என்று கேட்பதில்லை. ஆய்வில் அதற்கும் ஒரு இடம் வையுங்கள்.

அப்புறம், கருவியே இல்லாமல் ஆள் தேர்ந்தெடுத்தால் நியாயம் கிடைத்துவிடுமா? ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் அவருடைய மச்சான் பெயர் இருக்கும், விதவையின் பெயர் இருக்காது. டோகோவில் 2020இல் நோவிஸி திட்டத்தில் செயற்கைக்கோள் படத்தையும் செல்போன் பயன்பாட்டுத் தரவையும் வைத்து ஏழைகளைக் கண்டுபிடித்து மொபைலில் பணம் போட்டார்கள். அரசு யோசித்த இட அடிப்படையிலான தேர்வைவிடத் தகுதியானவர்கள் விடுபடுவது குறைந்தது என்று ஆய்வே வந்திருக்கிறது.

பிட்டும் பைட்டும்

அந்த ஆய்வை முழுசாகப் படித்தால் மறுபாதியும் இருக்கிறது, நேர்வழி சார். இட அடிப்படையோடு ஒப்பிட்டால் விடுபடும் பிழை 4 முதல் 21 சதவீதம் குறைவு. ஆனால் வீட்டுக்கு வீடு நிலைமையைப் பதிந்து வைத்த முழுமையான சமூகப் பதிவேடு ஒன்று இருந்திருந்தால் அதனோடு ஒப்பிடும்போது 9 முதல் 35 சதவீதம் அதிகம். ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். கொரோனா நேரத்தில் அப்படியொரு பதிவேடு அங்கே இல்லை, அதனால் அது நியாயமான முடிவாகவே இருந்திருக்கலாம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அதே கருவி நல்லதாகவும் கெட்டதாகவும் தெரிகிறது.

வெண்மேகத்தின் கேள்விக்கு வந்தால்: பணம் வராத ஒருவர் "நான் ஏழைதான்" என்று முறையிட்டால், அவருக்கு என்ன காரணம் சொல்ல முடியும்? உங்கள் போன் பேச்சுகளின் வடிவம் சரியில்லை என்றா?

வெண்மேகம்

சரி, கேள்வி ஓரளவு பிடிபட்டுவிட்டது. இரண்டாவது சந்தேகம் அப்படியே இருக்கிறது. அமைப்புகள் கதவைத் திறக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தகவலுக்கு எங்கே போவது?

தூரத்து இடி

முன்வாசலில் நின்று காலத்தைக் கழிக்காதீர்கள். ஐ.நா.வுக்குத் தகவல் அறியும் சட்டம் கிடையாது, ஆனால் காகிதம் வேறு இடங்களில் கிடக்கிறது.

உள் தணிக்கை அறிக்கைகள் முதலில். உலக உணவுத் திட்டம் தன் தணிக்கை அறிக்கைகளை இணையத்திலேயே போடுகிறது. 2017இல் பயனாளி மேலாண்மை பற்றி வந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். தரவைக் கையாள்வதில் உள்ள ஓட்டைகளைத் தணிக்கையாளர்களே சொல்லியிருக்கிறார்கள். அகதிகள் ஆணையம் பற்றிய தணிக்கைகளை ஐ.நா.வின் உள் மேற்பார்வை அலுவலகம் வெளியிடுகிறது. வறண்ட நடை, தூக்கம் வரும், ஆனால் வேறு எந்தப் பேட்டியிலும் கிடைக்காத வரிகள் அதில் இருக்கும்.

அடுத்தது டெண்டர் ஆவணங்கள். ஒரு பதிவு மென்பொருளை வாங்கும்போது என்னென்ன வசதி வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். அதில் 'இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க வேண்டும்' என்பது எத்தனை வரி, 'பயனாளி தன் பதிவைப் பார்க்க, திருத்த வேண்டும்' என்பது எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். இதுவரை யாரும் முறையாகச் செய்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வழி, பணம் கொடுக்கும் நாடுகள். அமைப்பிடம் கேட்க முடியாததை, நிதி தரும் அரசிடம் அந்த நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பாதி கறுப்பு மை பூசித்தான் வரும், பரவாயில்லை.

சட்டாம்பிள்ளை

ஒப்பந்தங்களையும் விடாதீர்கள். 2019 பிப்ரவரியில் உலக உணவுத் திட்டம், அமெரிக்க உளவு, ராணுவ அமைப்புகளுக்குத் தரவு அலசிக் கொடுக்கும் பாலன்டிர் நிறுவனத்தோடு ஐந்தாண்டு, 4.5 கோடி டாலர் கூட்டு அறிவித்தபோது பல அமைப்புகள் திறந்த கடிதம் எழுதின. பயனாளிகளின் தனிப்பட்ட தரவு போகாது என்று பதில் வந்தது. ஆனால் பெயரில்லாத தரவிலிருந்தும் எவ்வளவு தெரியவரும் என்பதே தனிக் கேள்வி. பணம் அனுப்பிய நேரம், கடை, தொகை இவற்றை வைத்தே ஒரு ஊர் எப்போது நகர்கிறது என்று சொல்லிவிடலாம். ரொக்க உதவியில் வங்கியும் டெலிகாம் கம்பெனியும் நடுவில் வருகின்றன. அவற்றுக்கு விலக்குரிமை இல்லை, அந்தந்த நாட்டு அரசு கேட்டால் கொடுத்தாக வேண்டும். திருத்தம் பற்றிய உங்கள் கேள்வி அங்கேயும் நீளும்: அமைப்பு தன் பதிவை நீக்கினாலும் வங்கியில் இருக்கும் நகல் நீங்குமா?

பழைய கணக்கு

ஊழியர்களிடம் பேசும்போது தலைமையக ஆட்களை மட்டும் பிடிக்காதீர்கள். பதிவு மேசையில் இருப்பவர்களில் பலர் துணை ஒப்பந்தத்தில் வந்த உள்ளூர் இளைஞர்கள், சில இடங்களில் அகதிகளே. எந்த விதி நடைமுறையில் வளைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பேசியது தெரிந்தால் முதலில் வேலை போவதும் அவர்களுக்குத்தான். முகாமின் பெயரை எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் அளவுக்குச் சின்ன வட்டம் அது.

வெண்மேகம்

அதுதான் என் அடுத்த பயம். பேட்டிகளை ஒலிப்பதிவு செய்து கிளவுடில் வைக்கத்தான் பல்கலைக்கழக விதி சொல்கிறது.

தூரத்து இடி

அப்படியானால் நீங்களும் இன்னொரு பதிவு மேசைதான். ஒன்றை நினைவில் வையுங்கள். 2022 ஜனவரியில் செஞ்சிலுவையின் பன்னாட்டுக் குழு தன் சர்வர்களுக்குள் யாரோ புகுந்ததைக் கண்டுபிடித்தது. போரில் பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பணியின் தரவு. குறைந்தது 60 தேசியச் சங்கங்கள் சேர்த்த 5.15 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரம். நுழைந்தது 2021 நவம்பரில், பூட்டாமல் விட்டிருந்த ஒரு மென்பொருள் ஓட்டை வழியாக. நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள், அந்த நேர்மை இந்தத் துறையில் அபூர்வம். ஆனால் அவ்வளவு பணமும் நிபுணர்களும் உள்ள அமைப்புக்கே அப்படியென்றால் உங்கள் மடிக்கணினி எம்மாத்திரம்?

நடைமுறையில் நான் சொல்வது இது. ஒலிப்பதிவு வேண்டாம், குறிப்பு மட்டும் போதும் என்று நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே விதிவிலக்கு கேளுங்கள். காரணத்தோடு கேட்டால் தருவார்கள். பெயரும் முகாம் எண்ணும் எழுதவே வேண்டாம், எழுதாததை யாரும் பறிக்க முடியாது. பேட்டி கொடுத்தவர் பிறகு மனம் மாறினால் எந்தத் தேதி வரை தன் பேச்சை விலக்கிக்கொள்ளலாம், அதற்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவர் மொழியில், அவர் வைத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுங்கள். போன் இல்லாதவரும் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழி வேலை செய்கிறதா என்று முதல் பேட்டிக்கு முன்பே ஒருவரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

நேர்வழி

போன் இல்லாதவருக்கு முகாமில் வாரந்தோறும் கூடும் மகளிர் குழுவையோ, தண்ணீர்க் குழுவையோ பிடியுங்கள். புகார்ப் பெட்டியை நம்பாதீர்கள், அதன் சாவி எப்போதும் தப்பான ஆளிடம்தான் இருக்கும். உங்கள் முன்மொழிவு எழுதி முடிந்ததும் இங்கே போடுங்கள், அடித்துத் திருத்தித் தருகிறேன்.

வெண்மேகம்

போடுகிறேன், சார். தணிக்கை அறிக்கைகளிலிருந்து தொடங்குகிறேன். பழைய கணக்கு, நீங்கள் சொன்ன திருத்த மனுவின் மாதிரிப் படிவம், எந்த அமைப்பு என்பது தெரியாதபடி, அதில் என்னென்ன கட்டங்கள் இருந்தன என்று மட்டும் நினைவிலிருந்து எழுத முடியுமா?

பழைய கணக்கு

படிவமா? அப்படி ஒன்று இருந்ததாக நினைவில்லை. வெள்ளைத் தாளில் எழுதித்தான் கொடுப்போம்.